தர்மத்தின் பெயரால் வசூல்: கொடுப்பவர் விசாரிக்க வேண்டாமா?

 



கொடைக்கானலில் இருந்து பூம்பாறை, மன்னவனூர் தாண்டிப் போனால் கவுஞ்சி வருகிறது. பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் மலைக் கிராமம். மழைக்காலத்தில் ரோட்டில் ஒரு பெரிய மரம் விழுந்தால் போதும், மேலே என்ன நடக்கிறது என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. நாளை ஒருவர் பழனியிலோ திண்டுக்கல்லிலோ ஒரு பள்ளிவாசல் வாசலில் நின்று, “கவுஞ்சியில் மண் சரிந்து இருபது வீடுகள் போய்விட்டன, ஏதாவது உதவுங்கள்” என்று துண்டை விரித்தால், அங்கே தொழுதுவிட்டு வெளியே வருபவருக்கு அது உண்மையா என்று எப்படித் தெரியும்? இதையே திருப்பிப் பாருங்கள். கவுஞ்சியில் வயலில் நிற்கும் உங்கள் கைப்பேசிக்கு, எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் குழாய்களோடு படுத்திருக்கும் குழந்தையின் படம் வருகிறது. கீழே ஒரு வங்கிக் கணக்கு எண். அந்தக் குழந்தை இருக்கிறதா, பிழைத்துவிட்டதா, படம் எந்த வருடத்தியது? உங்களுக்கும் தெரியாது.

போலி வசூல் செய்பவன் பிழைப்பது இந்தத் தூரத்தில்தான். கேட்பவனுக்கும் கொடுப்பவனுக்கும் நடுவே தெரிந்தவர் யாரும் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் அவன் நிற்பான். அந்தத் தூரத்தை எப்படிக் குறைப்பது, மார்க்கம் அதற்கு என்ன வழி சொல்லியிருக்கிறது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

ரமளான் ஜகாத்தைக் காத்த நபித்தோழர்

அபூஹுரைரா (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஒரு பொறுப்பைக் கொடுத்தார்கள். ரமளானில் சேர்ந்த ஜகாத் பொருட்களைக் காவல் காக்க வேண்டும். இரவில் ஒருவன் வந்து உணவுப் பொருளை இரு கைகளாலும் அள்ளினான். அபூஹுரைரா (ரலி) அவனைப் பிடித்துவிட்டார்கள். நபியவர்களிடம் கொண்டு போகிறேன் என்றதும் அவன் என்ன சொன்னான் தெரியுமா? தான் ஏழை என்றான், தன்னை நம்பிக் குடும்பம் இருக்கிறது என்றான், கடும் தேவை என்றான். அவர்கள் மனம் இளகி விட்டுவிட்டார்கள். காலையில் நபி (ஸல்) அவர்கள், அவன் சொன்னது பொய், மறுபடியும் வருவான் என்று அறிவித்தார்கள். அப்படியே மறுநாள் இரவும் வந்தான். அதே அழுகை, அதே குடும்பக் கதை. மீண்டும் விட்டுவிட்டார்கள். மூன்றாம் இரவு பிடிபட்டபோது ஆயத்துல் குர்ஸியின் சிறப்பைச் சொல்லித் தப்பினான். அந்த விஷயத்தில் அவன் உண்மை சொன்னான், ஆனால் அவன் பெரும் பொய்யன், அவன் ஷைத்தான் என்று நபியவர்கள் விளக்கினார்கள். (புகாரி)

ஆயத்துல் குர்ஸியின் சிறப்புக்காக இந்த ஹதீஸை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். முதல் இரண்டு இரவுகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். திருடியது ஏழைகளுக்குச் சேர வேண்டிய ஜகாத். திருடியவன் எடுத்துக்கொண்ட வேஷமோ ஏழையின் வேஷம். வறுமை, பிள்ளை குட்டி, அவசரத் தேவை ஆகிய மூன்று வார்த்தைகள்தான் அவனுடைய ஆயுதம். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் போலி வேண்டுகோள்களிலும் இந்த மூன்றும்தான் இருக்கின்றன. இரண்டாவது இரவு அவன் புதிதாக ஒரு கதைகூடச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். பழைய கதையே போதுமானதாக இருந்தது.

கடைசி இரவில் அவன் சொன்ன நல்ல விஷயமும் முக்கியம். மார்க்க விஷயத்தை ஒருவர் சரியாகப் பேசுகிறார் என்பதால் மட்டும் அவர் கையில் பணத்தை நம்பிக் கொடுத்துவிட முடியாது. தாடி, ஜிப்பா, அழகான கிராஅத், நாலு ஹதீஸ் இவையெல்லாம் மதிப்புக்குரியவை. ஆனால் வசூலுக்கு அத்தாட்சி ஆகமாட்டா.

விசாரிப்பது கெட்ட எண்ணமா?

“கேட்டு வந்தவரைச் சந்தேகப்படலாமா ஹஸரத்? அது தப்பில்லையா?” என்று பலரும் கேட்கிறார்கள். நல்ல மனதில் இருந்து வரும் கேள்விதான். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12வது வசனத்தில் அல்லாஹ் அதிகமான சந்தேகங்களை விட்டு விலகச் சொல்கிறான், துருவித் துருவி ஆராய்வதையும் தடுக்கிறான். அதே அத்தியாயத்தின் 6வது வசனத்தில், தீயவன் ஒருவன் செய்தி கொண்டு வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்று கட்டளையிடுகிறான். தெரியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னால் வருந்தக் கூடாது என்பதே அங்கே சொல்லப்படும் காரணம்.

இரண்டும் முரண் அல்ல. விசாரிக்காதவன்தான் மனதுக்குள் சந்தேகத்தை வைத்துக்கொள்கிறான். பத்து ரூபாயைப் போட்டு அனுப்பிவிட்டு, “இவன் ஃப்ராடாகத்தான் இருப்பான்” என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறோமே, அது உண்மையான ஏழைக்குச் செய்யும் அநியாயம். நேராக இரண்டு கேள்வி கேட்டு, பதில் சரியாக இருந்தால் நிறைவாகக் கொடுப்பது அவரைக் கண்ணியப்படுத்துவது.

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஈரம். மேலே மட்டும் காய்ந்த தானியம். ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று வியாபாரியைக் கண்டித்தார்கள். (முஸ்லிம்) குவியலைக் கண்டதும் மோசமாக நினைக்கவில்லை. கையை விட்டுப் பார்த்த பிறகுதான் பேசினார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வடுகபட்டி சந்தைக்குப் போகும் மலைப்பூண்டை மூட்டையின் அடிவரை கைவிட்டுப் பார்க்காமல் வாங்கும் வியாபாரி உண்டா? அவர் மூட்டையைப் பிரித்தால் விவசாயி கோபித்துக்கொள்வதும் இல்லை. பூண்டுக்கு உள்ள விசாரணை ஜகாத்துக்கு மட்டும் ஏன் மரியாதைக் குறைவாகத் தெரிகிறது?

ஊரார் மூவர்

இப்போது இந்த விஷயத்தின் மையத்துக்கு வருவோம். கபீஸா இப்னு முகாரிக் (ரலி) என்ற நபித்தோழர், இரு தரப்பாருக்கு இடையே சமாதானத்துக்காக ஒரு தொகைக்குப் பொறுப்பேற்றிருந்தார். அதற்கு உதவி கேட்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். ஜகாத் பொருள் வரும்வரை இங்கேயே இருங்கள், வந்ததும் உங்களுக்குத் தரச் சொல்கிறோம் என்று நபியவர்கள் சொன்னார்கள். பிறகு, மூன்று பேரைத் தவிர மற்றவர் கையேந்துவது ஆகாது என்று விளக்கினார்கள். இப்படிப் பொறுப்பேற்றவர் ஒருவர். பேரிடரால் செல்வத்தை இழந்தவர் இன்னொருவர். மூன்றாமவர், வறுமையில் விழுந்துவிட்டார் என்று அவருடைய சமூகத்தைச் சேர்ந்த விவரமுள்ள மூன்று பேர் சொல்லும் நிலையில் இருப்பவர். இவர்களுக்கும்கூட, தேவை தீரும் வரைக்கும்தான் அனுமதி. (முஸ்லிம்)

எவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு பாருங்கள்! சாட்சி சொல்பவர் மூன்று பேர். அவர்கள் விவரமுள்ளவர்களாக இருக்க வேண்டும். அவருடைய ஊரைச் சேர்ந்தவர்களாகவும் இருக்க வேண்டும். வேறு ஊரில் அச்சடித்த கடிதம் இந்த இடத்தை நிரப்பாது. பெரிய மனிதரோடு எடுத்த போட்டோவும் நிரப்பாது. “எங்கள் ஊர்க்காரர், எங்களுக்குத் தெரியும், கஷ்டப்படுகிறார்” என்று சொல்ல அவர் வாழும் தெருவில் மூன்று பேர் இருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் மூவரை நேரில் தேடிப் போக வேண்டியிருந்தது. இன்று ஒரு போன் போதும். ஒருவர் தேனி மாவட்டத்தில் ஒரு ஊரைச் சொல்லி வருகிறாரா? அந்த ஊர் ஜமாஅத் செயலாளர் அல்லது பள்ளிவாசல் இமாம் எண்ணைக் கண்டுபிடித்துப் பேசுங்கள். ஒரு எச்சரிக்கை: அவர் தரும் கடிதத்தில் அச்சடித்திருக்கும் எண்ணுக்குப் பேசாதீர்கள். அந்த எண்ணில் பேசுபவன் அவனுடைய கூட்டாளியாகவே இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்த இமாம் வழியாகவோ, அந்தப் பக்கத்தில் உள்ள உறவினர் வழியாகவோ நீங்களாகவே எண்ணைத் தேடுங்கள். உண்மையானவர், “தாராளமாக விசாரியுங்கள், காத்திருக்கிறேன்” என்பார். கபீஸா (ரலி) அவர்களையும் இருக்கச் சொல்லித்தான் நபியவர்கள் உதவினார்கள். “பஸ்ஸுக்கு நேரமாச்சு, கொடுத்தால் கொடுங்கள், இல்லையென்றால் விடுங்கள்” என்று எழுந்து போகிறவரை விட்டுவிடலாம்.

பேரிடர் வசூலில் இந்த மூவர் இன்னும் அவசியம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயல் திண்டுக்கல் மாவட்டம் வரை வந்தது. நம் கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்து, மின்சாரத்தை அறுத்துவிட்டுப் போனது. தமிழ்நாடு முழுவதும் இருந்து டெல்டாவுக்கு லாரி லாரியாகப் பொருட்கள் போயின. நல்ல நோக்கத்தில் அனுப்பியவைதான். ஆனால் மெயின்ரோட்டு ஊர்களில் மறித்து இறக்கியவை போக, உள்ளே இருந்த கிராமங்களுக்கு எதுவும் வரவில்லை என்ற குறை அப்போது பல இடங்களில் எழுந்தது. இதில் மோசடி எதுவும் இல்லை. உள்ளூர்க்காரர் ஒருவரையாவது கேட்டுவிட்டு அனுப்பாததுதான் காரணம். யாருக்குத் தார்ப்பாய் வேண்டும், யாருக்கு ஏற்கெனவே நாலு வந்துவிட்டது என்பது அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும்.

பெயரைப் பார்த்துக் கொடுப்பது

தனிமனிதர் ஒருவரை விசாரிக்கும் நாம், ஆசிரமம், இல்லம், டிரஸ்ட் என்று போர்டு இருந்தால் ஏனோ விசாரிப்பதே இல்லை. அண்மைக் காலத்தில் நம் மாநிலத்தில் நடந்த இரண்டை மட்டும் சொல்கிறேன்.

விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரமம் என்று ஒன்று இயங்கிவந்தது. ஆதரவற்றோரையும் மனநலம் பாதித்தோரையும் பராமரிக்கும் இல்லம் என்று பெயர். 2021 இறுதியில் திருப்பூரைச் சேர்ந்த முஸ்லிம் முதியவர் ஒருவரை உறவினர்கள் அங்கே சேர்த்தார்கள். பிறகு பார்க்கப் போனால் ஆள் இல்லை. பெங்களூருவில் உள்ள இன்னொரு இல்லத்துக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். அங்கேயும் அவர் இல்லை. உறவினர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டது. 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே போய்ப் பார்த்தபோதுதான், உரிய அனுமதி இல்லாமல் இல்லம் நடந்ததும், அங்கிருந்தவர்கள் சொன்ன கொடுமைகளும் வெளியே வந்தன. 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். நடத்தியவர்கள் கைதானார்கள். விசாரணை சிபிசிஐடிக்குப் போனது.

அதற்கு முன் 2021இல் நம் பக்கத்து மதுரையில் இதயம் அறக்கட்டளை நடத்திய காப்பகத்தில், குழந்தை கொரோனாவில் இறந்து அடக்கமும் ஆகிவிட்டதாகப் போலி ஆவணம் தயாரித்து, குழந்தைகளைப் பணத்துக்குக் கொடுத்ததாக வழக்குப் பதிவானது. குழந்தைகள் உயிருடன் மீட்கப்பட்டார்கள்.

இந்த இரண்டு இடங்களுக்கும் நல்ல மனிதர்கள் உதவியிருப்பார்கள். பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட்டிருப்பார்கள், அரிசி மூட்டை இறக்கியிருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர், “போன மாதம் இங்கே இருந்த பெரியவர் எங்கே?” என்று கேட்டிருப்பார்கள்? இல்லத்துக்குக் கொடுக்கிறவர் போர்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. உள்ளே போய் ஆட்களைப் பாருங்கள். மூன்று மாதம் கழித்துச் சொல்லாமல் மறுபடியும் போங்கள். அரசின் பதிவுச் சான்றைக் கேளுங்கள். குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்ள அனுமதிக்கிற இல்லம் நல்ல இல்லம் என்று நினைக்காதீர்கள். நல்ல இல்லம் பிள்ளைகளின் முகத்தை வெளியே காட்டவே தயங்கும்.

நயவஞ்சகர்கள் கட்டிய பள்ளிவாசல் ஒன்றைப் பற்றி அத்தவ்பா அத்தியாயத்தின் 107வது வசனம் பேசுகிறது. மஸ்ஜிதுள் ளிரார். நோயாளிகளுக்கும் மழை இரவுகளுக்கும் வசதிக்காகக் கட்டியதாக அவர்கள் காரணம் சொன்னதை விரிவுரையாளர்கள் குறிப்பிடுகிறார்கள். நபியவர்களை அங்கே தொழவைக்கவும் அழைத்தார்கள். வெளித்தோற்றம் பள்ளிவாசல், சொன்ன காரணமும் நல்ல காரணம். அப்படிப்பட்ட ஒன்றையே நிராகரிக்க அல்லாஹ் கட்டளையிட்டான் என்றால், பெயரிலேயே அன்பும் கருணையும் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஓர் இடத்துக்கு நாம் நற்சான்று கொடுக்க முடியுமா?

வசூலிப்பவரின் கணக்கு

அஸ்த் குலத்தைச் சேர்ந்த இப்னுல் லுத்பிய்யா என்பவரை நபி (ஸல்) அவர்கள் ஜகாத் வசூலிக்க அனுப்பினார்கள். திரும்பி வந்தவரிடம் கணக்குக் கேட்கப்பட்டது. இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று அவர் பிரித்துக் காட்டினார். நபியவர்கள் மிம்பரில் ஏறிக் கடுமையாகப் பேசினார்கள். தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு இவருக்கு வந்திருக்குமா என்று கேட்டார்கள். இப்படி எடுத்தவர் மறுமையில் அதைத் தன் கழுத்தில் சுமந்து வருவார் என்று எச்சரித்தார்கள். (புகாரி, முஸ்லிம்)

தாமே தேர்ந்தெடுத்து அனுப்பிய ஒருவரிடமும் கணக்குக் கேட்டார்கள். நம் ஜமாஅத்தில் வசூல் கணக்கைக் கேட்டால் “என்னை நம்பவில்லையா?” என்று முகம் சுளிப்பவர்கள் இந்த ஹதீஸை மறுபடியும் படிக்க வேண்டும். (நிர்வாகிகளும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.) வசூலான தொகை, செலவான தொகை, மீதி இந்த மூன்றும் அடுத்த ஜும்ஆவுக்குள் அறிவிப்புப் பலகையில் ஏறினால் பாதி சந்தேகம் தானாகப் போய்விடும்.

ரமளானில் தூர மாநில மத்ரஸாக்களின் ரசீதுப் புத்தகத்தோடு வருபவர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள், வெயிலில் அலைபவர்கள். ஆனால் வசூலில் இத்தனை சதவீதம் எனக்கு என்று கமிஷன் பேசி வருபவர்களும் இருக்கிறார்கள். கூலி எவ்வளவு என்பதே தெரியாத இந்த ஒப்பந்தத்தை மார்க்க அறிஞர்கள் பலர் தடுத்திருக்கிறார்கள். ஜகாத் வசூலிப்பவருக்கு அத்தவ்பா 60வது வசனத்தில் பங்கு உண்டே என்று சிலர் வாதம் செய்வார்கள். அது ஆட்சியாளரால் நியமிக்கப்பட்ட, கணக்குக்குக் கட்டுப்பட்ட ஊழியருக்கு. கமிஷன் ஏஜெண்டுக்கு அந்த வசனத்தை நீட்ட முடியாது. “உங்களுக்குச் சம்பளமா, கமிஷனா?” என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: “இது ஜகாத்தா, பொது நன்கொடையா? எந்தச் செலவுக்கு?” ஹனஃபி மத்ஹபில் ஜகாத் தகுதியுள்ள ஏழையின் உடைமையாகப் போய்ச் சேர வேண்டும். கட்டடம் கட்ட, தரைக்கு டைல்ஸ் போட ஜகாத் பணம் ஆகாது. “எல்லாம் ஒன்றுதான், கொடுங்கள்” என்பவருக்கு மார்க்கமும் தெரியவில்லை, கணக்கும் இல்லை.

இதில் உங்கள் ஜகாத்தே அடங்கியிருக்கிறது. ரசீது கைக்கு வந்ததும் கடமை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வசூலிப்பவர் உங்கள் பிரதிநிதி மட்டுமே. அவர் அதை ஏழையிடம் சேர்க்காதவரை உங்கள் பொறுப்பு நீங்கவில்லை. விசாரித்து, தகுதியானவர் என்று மனம் உறுதிப்பட்டுக் கொடுத்த பிறகு அவர் வசதியானவர் என்று தெரியவந்தால், ஹனஃபி மத்ஹபின்படி ஜகாத் நிறைவேறிவிடும். மனதில் சந்தேகம் இருந்தும் விசாரிக்காமல் கொடுத்து, பிறகு அவர் தகுதியற்றவர் என்று தெரிந்தால் மறுபடியும் கொடுக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் இன்னும் கடினம்: உரிமையாளரே தவறுதலாக ஒரு வசதியானவருக்குக் கொடுத்திருந்தால் அது ஜகாத்தாக ஆகாது. தொழுகைக்குக் கிப்லாவை விசாரிப்பது போலத்தான் இது. உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் விவரத்தோடு உங்கள் ஊர் ஆலிமைக் கேளுங்கள்.

கைப்பேசியில் வரும் வசூல்

2020 மார்ச் 28 அன்று பிரதமரின் பிஎம் கேர்ஸ் நிதி அறிவிக்கப்பட்டது. யுபிஐ முகவரியும் வெளியானது. சில நாட்களுக்குள் அதே போல் இன்னொரு முகவரி உலவ ஆரம்பித்தது. உண்மையானதில் ‘கேர்ஸ்’ என்று இருந்தது. போலியில் கடைசி ‘எஸ்’ எழுத்து மட்டும் இல்லை. டெல்லி போலீஸ் எச்சரித்து, வங்கி அதை முடக்கியது. ஒரே ஒரு எழுத்து! மூக்குக்கண்ணாடி போடாமல் பார்த்தால் யாருக்குத் தெரியும்?

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவு. நம் மலையில் வாழ்பவர்களுக்கு அந்தச் செய்தி வயிற்றில் இறங்கியது. நாடெங்கும் இருந்து முதலமைச்சர் நிவாரண நிதிக்குப் பணம் குவிந்தபோது, க்யூஆர் கோடைத் தவறாகப் பயன்படுத்த வாய்ப்பிருக்கிறது என்று கேரள அரசே அந்தக் கோடு முறையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மாநில அரசுக்கே அந்தப் பயம் என்றால், யாரோ அனுப்பிய படத்தில் உள்ள கோடை நாம் கண்ணை மூடிக்கொண்டு ஸ்கேன் செய்வது சரியா? கோடு என்பது மனிதக் கண்ணால் படிக்க முடியாத கடிதம். நிவாரண நிதிக்கு அனுப்புவதென்றால் அந்த அரசின் இணையதளத்தை நீங்களே திறந்து அனுப்புங்கள்.

பணம் அனுப்பும் முன் திரையில் வங்கிப் பதிவில் உள்ள பெயர் வரும். படிக்காமல் அழுத்தாதீர்கள். டிரஸ்டுக்கு என்று சொல்லித் தனிநபர் பெயர் வந்தால் நிறுத்துங்கள். உங்களுக்குப் பணம் வர ரகசிய எண்ணைப் போடத் தேவையே இல்லை. “உங்களுக்கு ஜகாத் அனுப்புகிறோம், பின் நம்பரை அழுத்துங்கள்” என்பவன் உங்கள் கணக்கைக் காலி செய்யப் பார்க்கிறான். கொடுத்து ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை நடுவழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

சிகிச்சை உதவி என்றால், நோயாளியின் ஆஸ்பத்திரிப் பதிவு எண்ணைக் கேட்டு, ஆஸ்பத்திரிக்கு நீங்களே பேசி, ஆஸ்பத்திரிக் கணக்கிலேயே கட்டுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இருக்கிறது. அதற்கு விண்ணப்பித்தார்களா என்றும் கேளுங்கள். பல சமயம் அந்தக் குடும்பத்துக்கு அந்தத் திட்டமே தெரிந்திருக்காது. உங்கள் விசாரணையே ஒரு தர்மமாகிவிடும்.

நல்ல வசூல் எப்படி இருக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. சவூதியில் மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த கோழிக்கோட்டைச் சேர்ந்த ஒருவரை மீட்க, ஈட்டுத்தொகையாக 34 கோடி ரூபாய் தேவைப்பட்டது. ஊரில் ஒரு குழு அமைத்து, வரவு எவ்வளவு என்பதை எவரும் பார்க்கும்படி ஒரு செயலியை வைத்தார்கள். 2024 ஏப்ரலில் தொகை சேர்ந்ததும் போதும், இனி அனுப்பாதீர்கள் என்று அறிவித்தார்கள். இன்ன தொகை தேவை என்று ஆரம்பத்திலேயே சொன்னதும், சேர்ந்ததும் நிறுத்தியதும் பெரிய விஷயம். கபீஸா (ரலி) ஹதீஸில் தேவை தீரும் வரைதான் அனுமதி என்று பார்த்தோம் அல்லவா? தேவையின் அளவைச் சொல்லாத வசூலுக்கு முடிவே இருக்காது.

இதே கேரளாவில் 2025 தொடக்கத்தில் வேறொன்றும் வெளியானது. பாதி விலை கட்டினால் ஸ்கூட்டர், மீதியைக் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி தரும் என்று சொல்லி, ஆயிரக்கணக்கான பெண்களிடம் பணம் வாங்கி ஏமாற்றியதாக வழக்குகள் குவிந்தன. கொடுப்பவரை மட்டும் ஏமாற்றுவார்கள் என்று நினைக்காதீர்கள். “உங்களுக்கு உதவி வந்திருக்கிறது, முன்பணம் கட்டுங்கள்” என்பதும் தர்மத்தின் பெயரால் நடக்கும் களவுதான். இங்கே இழப்பவர் ஏழையே. உங்கள் வீட்டுப் பெண்களிடம் இதைக் குறிப்பாகச் சொல்லுங்கள்.

கேட்காதவர்கள்

அல்பகரா அத்தியாயத்தின் 273வது வசனத்தில் அல்லாஹ் ஒரு வகை ஏழைகளைக் காட்டுகிறான். அவர்களின் தன்மானத்தைப் பார்த்து, அறியாதவர் அவர்களைச் செல்வந்தர் என்று எண்ணிவிடுவார். அடையாளத்தை வைத்துத்தான் அவர்களைத் தெரிந்துகொள்ள முடியும். மக்களிடம் வற்புறுத்திக் கேட்கமாட்டார்கள். உரத்துக் கேட்பவனுக்கே எல்லாம் போய்விட்டால் இவர்களுக்கு என்ன மிச்சம்? பூண்டு விலை சரிந்த வருடத்தில் கடன் வாங்கி விதை வாங்கியவர், கணவர் படுக்கையில் கிடக்க கேரட் கழுவும் வேலைக்குப் போகும் பெண், ஸ்கூல் ஃபீஸ் கட்டாமல் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர் இவர்கள் யாரும் ரசீதுப் புத்தகம் அச்சடிப்பதில்லை. முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பும்போது, அவர்களின் செல்வந்தரிடம் இருந்து எடுத்து அவர்களின் ஏழைகளுக்கே கொடுக்கச் சொன்னார்கள் நபியவர்கள். (புகாரி, முஸ்லிம்) பக்கத்து வீட்டை விசாரிக்க மூன்று சாட்சிகூட வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

இவ்வளவு விசாரித்தும் ஏமாந்துவிட்டால்? இரவில் தர்மம் கொடுக்கப் போன ஒருவரைப் பற்றி நபியவர்கள் சொன்னார்கள். முதல் நாள் திருடன் கையிலும், அடுத்த நாள் நடத்தை தவறிய பெண்ணின் கையிலும், பிறகு ஒரு செல்வந்தரின் கையிலும் அது போய்விட்டது. அவருடைய தர்மம் வீணாகவில்லை, அதனால் அவர்கள் திருந்தவும்கூடும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. (புகாரி, முஸ்லிம்) உபரியான தர்மத்தில் ஏமாந்தவர் இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம். விசாரிக்கச் சோம்பல்படுபவர் இதைச் சாக்காகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. ஜகாத்தின் சட்டம் வேறு என்று மேலே பார்த்தோம்.

கடைசியாக ஒரு கேள்வி எஞ்சும். மஃரிபுக்கு ஒருவர் கடிதத்தோடு வந்து நிற்கிறார், வெளியே மலைக் குளிர். அவருடைய ஊருக்குப் போன் போகவில்லை, யாரையும் கேட்க முடியவில்லை. என்ன செய்வது? அவரை உள்ளே அழையுங்கள். சாப்பாடு கொடுங்கள், தங்க இடம் கொடுங்கள், ஊர் திரும்பப் பஸ் டிக்கெட்டுக்கும் உங்கள் சதக்காவில் இருந்து கொடுங்கள். பசித்தவருக்குச் சோறு போட எந்த அத்தாட்சியும் தேவையில்லை. கடிதத்தை மட்டும் வாங்கிவைத்துக்கொண்டு, காலையில் பேசிவிட்டு முடிவு சொல்கிறோம் என்று சொல்லுங்கள்.